பதவிக்குப் பின் உயர்ந்த பெருமகனார் – ஜான் குவின்சி ஆடம்ஸ்

நாட்டின் தலைமைப் பதவியில் அமர்ந்து புகழ் பெற்றோர் பலர். அப்பதவியை இழந்த பின்னர், அதனினும் சிறிய பதவியை ஏற்று, முன்னிலும் உயர்ந்து நின்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆறாவது அதிபராகிய ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆவார். மாணவமணிகளும் பெற்றோரும் அறிந்து பயன்பெறும் பொருட்டு அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

இளமையும் கல்வியும்

ஆடம்ஸ் 1767ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள், மாசசூசெட்சிலுள்ள பிரெயின்ட்ரீ எனும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் நாட்டின் இரண்டாவது அதிபரானவர். அன்னையார் அபிகேல். 1775இல் ஆங்கிலேயருக்கு எதிராக நடைபெற்ற பங்கர் குன்றுப் போரை, ஏழு வயதுச் சிறுவராக இருந்த ஆடம்ஸ் தம் அன்னையுடன் தொலைவிலிருந்து கண்ணுற்றார்.

பத்தாம் வயதில் தந்தையாருடன் கப்பலேறிப் பிரான்சு சென்றார். பதினான்காம் வயதில் ரஷ்யாவுக்குச் சென்ற அமெரிக்கத் தூதருக்குச் செயலாளராகப் பணியாற்றினார். சென்ற நாடுகளில் எல்லாம் மொழிகளைக் கற்றார். பன்னிரண்டாம் வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய அவர், தம் இறுதிக்காலம் வரை அப்பழக்கத்தைக் கைவிடவில்லை. அக்குறிப்புகள் 14,000 பக்கங்களுக்கும் மேற்பட்டவை. 1787இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றார்.

அதிபர் பதவி

பல நாடுகளில் தூதராக இருந்த ஆடம்ஸ், 1817 முதல் 1825 வரை வெளியுறவு அமைச்சராக விளங்கினார். ஸ்பெயின் நாட்டிடமிருந்து புளோரிடாவைப் பெற்ற 1819ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்தம் திறமைக்குச் சான்றாகும்.

1824ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99 தேர்வாளர் வாக்குகளும், ஆடம்ஸ் 84 வாக்குகளும் பெற்றனர். எவருக்கும் பெரும்பான்மை கிட்டாமையால், அரசியல் சட்டப்படி மக்களவை கூடி ஆடம்சைத் தேர்ந்தெடுத்தது. அதற்குத் துணைநின்ற ஹென்றி கிளேயை அவர் வெளியுறவு அமைச்சராக்கவே, இது மறைமுகப் பேரம் என எதிர்ப்பாளர்கள் தூற்றினர். சாலைகள், கால்வாய்கள், தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வுக் கூடம் ஆகியன வேண்டும் என அவர் விரும்பினார்; அவற்றுள் பெரும்பாலானவற்றைச் சட்டமன்றம் ஏற்கவில்லை. 1828இல் ஜாக்சனிடம் தோல்வியுற்றார். அவரது ஆட்சி பெருவெற்றி கண்டது எனக் கூறுவதற்கில்லை.

மனுவுக்காக ஒரு போராட்டம்

அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1830இல் மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, 1831 முதல் பதினேழு ஆண்டுகள் தொண்டாற்றினார். அதிபராக இருந்தபின் மக்களவையில் உறுப்பினராகப் பணியாற்றியவர் அவர் ஒருவரே.

அந்நாளில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். அக்கொடுமையை ஒழிக்குமாறு ஆண்களும் பெண்களும் கையொப்பமிட்டு மனுக்கள் அனுப்பினர். 1836இல் மக்களவை ஒரு விதியை இயற்றியது. அடிமைமுறை பற்றிய மனு எதுவாயினும் படிக்கப்படாமலும் விவாதிக்கப்படாமலும் ஒதுக்கிவைக்கப்படும் என்பதே அவ்விதி.

எளியோர் ஆட்சியாளரிடம் தம் குறையை எடுத்துரைக்க மனு ஒன்றே வழி. அவ்வழியை அடைப்பது அறமன்று என ஆடம்ஸ் வாதிட்டார். 1837இல் அடிமைகளிடமிருந்தே வந்த மனுவொன்றைப் பற்றி அவர் அவையில் வினவியபோது, உறுப்பினர் பலர் சினந்தெழுந்து அவரைக் கண்டிக்க முற்பட்டனர். அவர் அஞ்சவில்லை; அம்முயற்சியும் தோற்றது. எட்டாண்டுகள் விடாது போராடியதன் பயனாக, 1844 டிசம்பரில் அவ்விதி நீக்கப்பட்டது.

ஆப்பிரிக்கர்களின் விடுதலை

ஆப்பிரிக்காவில் சட்டத்திற்குப் புறம்பாகப் பிடிக்கப்பட்டுக் கியூபாவில் விற்கப்பட்ட மக்கள், 1839இல் ‘அமிஸ்டாட்’ எனும் கப்பலில் கிளர்ந்தெழுந்து அதனைக் கைப்பற்றினர். பின்னர் அமெரிக்காவில் சிறைவைக்கப்பட்டனர். அவர்களுக்காக 1841இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர்களுள் ஆடம்சும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 73. நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. உயிருடன் எஞ்சிய 35 பேர் 1842இல் ஆப்பிரிக்க மண்ணை மிதித்தனர்.

இறுதி நாட்கள்

1848ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் மக்களவையில் தம் இருக்கையிலேயே மயங்கிச் சாய்ந்தார். இரு நாட்களுக்குப் பின் அக்கட்டடத்திலேயே உயிர் நீத்தார். அடிமைமுறை 1865இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதனைக் காண அவர் இல்லை. ஆயினும், அடிமை ஒழிப்புக்கு வழிகாட்டிய ஆபிரகாம் லிங்கன், ஆடம்ஸ் மயங்கி வீழ்ந்த அதே அவையில் அன்று இளம் உறுப்பினராக இருந்தார்.

மாணவச் செல்வங்களே! நாள்தோறும் சில வரிகளேனும் எழுதும் பழக்கத்தை மேற்கொள்ளுங்கள். பெற்றோர்களே! தம் குறையைத் தாமே எழுதவும், பிறர் எழுதியதைப் படித்துணர்ந்து கையொப்பமிடவும் வல்லவராகப் பிள்ளைகளை ஆக்குவது கல்வியே. ஆதலின் அவர்களை ஒருநாளும் தவறாது பள்ளிக்கு அனுப்புமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.