புனையா ஓவியத்தில் நிழலும் நிலையும்

நெடுநல்வாடை பயிலும் மாணாக்கர் ‘புனையா ஓவியம்’ என்னும் தொடருக்கு ‘முற்றுப்பெறாத படம்’ என உரை வரைதலைச் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பன்முறை கண்டுள்ளோம். அப்பொருள் பொருந்துவதன்று. வண்ணங்கொண்டு தீட்டாது கோட்டினால் வடிவு எழுதிய சித்திரம் என்பதே நச்சினார்க்கினியர் கருத்து. வண்ணம் இன்மை வேறு. நிறைவு இன்மை வேறு.

ஒரே மையினால் உருவெழுதப் பயில்வானுக்கு வண்ணத்தின் துணை இல்லை. அவன் நம்பத்தக்கன நிழலும் நிலையுமே. வடமொழி விஷ்ணுதர்மோத்தரத்துச் சித்திரசூத்திரம் நிழலூட்டும் தொழிலை ‘வர்த்தனை’ என்று பெயரிட்டு, இலை நரம்பு போன்ற கோடுகளால் அமைவது, மிக நுண்ணிய கோடுகளால் அமைவது, புள்ளிகளால் அமைவது என மூன்றாகப் பகுக்கும். இம்மூன்றற்கும் பல நிறம் வேண்டுவதில்லை. கோடோ புள்ளியோ செறிந்த இடம் உள்வாங்கித் தோன்றும்; எழுதாது விட்ட இடம் ஒளி பெற்று முன்வரும். எங்கே எழுதாது விடுவது என்று அறிதலே இப்பயிற்சியில் அரிது.

நிலையைப் பற்றித் தமிழிலேயே சான்று உண்டு. சிலப்பதிகார வேனிற்காதையில் மாதவி யாழுடன் அமர்ந்த இருக்கையை விளக்கப் புகுந்த அடியார்க்கு நல்லார் ஓவிய நூலை எடுத்தாள்கின்றார். நிற்றல், இருத்தல், கிடத்தல், இயங்குதல் என்பவற்றின் வேறுபாடுகளைச் சுட்டிப் பதுமுகம், உற்கட்டிதம், ஒப்படியிருக்கை, சம்புடம், அயமுகம், சுவத்திகம், தனிப்புடம், மண்டிலம், ஏகபாதம் என இருக்கை ஒன்பது கூறுவர். இசைநூற் புலமையால் பெயர்பெற்ற உரையாசிரியர் இருக்கை ஒன்றிற்கு ஓவிய நூலை நாடியது நோக்கத்தக்கது. அந்நூல் இன்று நமக்குக் கிடைத்திலது.

இனி, நெடுநல்வாடைக்கு மீள்வோம். அரசி அணிகளைந்தாள், நல்லாடையும் நீத்தாள். தோழியர் அடி வருடுகின்றனர், செவிலியர் தேற்றுகின்றனர். கட்டிலின் மேலே, மெழுகு பூசிய விதானத்தில், திங்களோடு பிரியாத உரோகிணி எழுதப்பட்டுள்ளாள். அதனை நோக்கி அரசி பெருமூச்செறிகின்றாள். ஆகவே, இக்காட்சியில் ஓவியம் இரண்டு: மேலே புனைந்தது ஒன்று, கீழே புனையாதது ஒன்று. முன்னதில் இருவர் அருகருகே உள்ளனர். பின்னதில் அரசன் இருத்தற்குரிய இடம் வெறிதாக உள்ளது. அவள் துயரைச் சொல்வது அவ்வெற்றிடமே. உவமையை அழகு குன்றியமைக்கு மட்டும் கொள்வோர் இவ்வமைப்பைத் தவறவிடுவர். மணிமேகலையும் இத்தொடரை ஆள்வதால், இது கற்றோர் நன்கறிந்த வழக்கே எனலாம்.

கோட்டின் ஆற்றலைக் கண்ணாற் காண விழைவோர்க்குக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் சோமாஸ்கந்த ஓவியம் ஏற்றது. வண்ணம் பெரிதும் உதிர்ந்தும் உருவின் அமர்வு கெடவில்லை. இங்குள்ளோர் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இத்தென்காசி மாவட்டத்தேயே, கடையநல்லூரை அடுத்த திருமலாபுரத்துக் குடைவரையில் பாண்டியர் கால ஓவியச் சிதைவுகள் உள்ளன. இவை புனைந்து பின் வண்ணம் இழந்தன. தொடக்கத்திலேயே புனையாதன அல்ல. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, பகல் வெளிச்சம் உள்ளே புகும் வேளையில் சென்று காண்க.