எத்தனாவது முறை என்று சொன்னால் என்ன?

"அண்ணாச்சி, பாப்பாவுக்கு மெடிக்கல் சீட்டு கெடச்சிட்டாமே! மொத தடவையிலேயேவா?"

கலந்தாய்வு முடியும் மாதங்களில், தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரல் ஊரின் பஜாரில் இந்தக் கேள்வி எங்காவது ஒரு கடை வாசலில் காதில் விழும். கேட்பவர் சந்தோஷத்தில்தான் கேட்கிறார். தகப்பனார் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆமா, மொதத் தடவைதான்" என்கிறார். போன வருடம் மார்க் வராமல் போனது, பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி மறுபடியும் கோச்சிங் போனது, வீட்டில் நகை அடகுக்குப் போனது, அந்தப் பிள்ளை ஒரு வருடம் கல்யாண வீடுகளுக்குக்கூட வராமல் இருந்தது, எல்லாம் அந்த ஒரு பதிலில் மறைக்கப்படுகின்றன. பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். தன் வாழ்க்கையிலேயே கடுமையாக உழைத்த ஒரு வருடம் வெளியே சொல்லக் கூடாத வருடம் என்று அவள் புரிந்துகொள்கிறாள்.

இந்தப் பொய் யாரையும் ஏமாற்றிக் காசு பார்க்கச் சொல்வதல்ல. பிள்ளையின் மேல் உள்ள பாசத்தில் சொல்வது. ஆனாலும் அது தேவையே இல்லாத பொய். அந்தப் பிள்ளை எந்த வகையிலும் விதிவிலக்கு அல்ல.

நீட் தேர்வின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு 2021-ல் நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு தந்த கணக்கைப் பாருங்கள். 2016-17-ல், அதாவது பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் கொடுத்த காலத்தில், மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் அது 71.42 சதவீதம். ஒரு வகுப்பில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் அவர்களில் ஏழு பேர் ஏற்கெனவே ஒரு முறையாவது இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள். இப்படிப்பட்ட தேர்வு முறை நியாயமா என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை இரண்டாவது வருடம் கோச்சிங்குக்கு எங்கே போகும் என்பதுதான் அந்தக் குழு எழுப்பிய கவலை, அது இன்றும் தீரவில்லை. நான் இங்கே சொல்ல வருவது வேறு. பத்தில் ஏழு பேருக்கு நடந்த ஒன்றை அந்த ஏழு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறைக்கச் சொல்லிச் சட்டம் எதுவும் இல்லை. நீட் மதிப்பெண் அட்டையில் இது எத்தனாவது முயற்சி என்று அச்சிடுவதில்லை. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு உச்சவரம்பும் இல்லை. பொதுப் பிரிவினருக்கு 25 வயது என்று வைத்திருந்த மேல்வரம்பையும் 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்துவிட்டது. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களும் தனித்தேர்வர்களாகப் பிளஸ் டூ முடித்தவர்களும் நீட் எழுதக் கூடாது என்று அன்றைய மருத்துவக் கவுன்சில் ஒரு விதி கொண்டுவந்தது. 2018-ல் தில்லி உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. பள்ளியில் தவறி, டுடோரியலில் படித்து, தனியாகப் பரீட்சை எழுதிக் கரையேறிய பிள்ளைக்கும் மருத்துவக் கல்லூரியின் கதவு சட்டப்படி திறந்துதான் இருக்கிறது. மூடி வைத்திருப்பது நம்முடைய வெட்கம்.

அந்த வெட்கம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு இரண்டு முறை பார்த்தது. 2019 செப்டம்பரில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்த ஒரு மாணவரின் முகமும் நீட் ஆவணத்தில் இருந்த படமும் ஒத்துப்போகவில்லை. முந்தைய முயற்சிகளில் இடம் கிடைக்காத அவருக்காக வேறொருவர் வெளிமாநிலத்தில் தேர்வு எழுதினார் என்பது குற்றச்சாட்டு. சி.பி.சி.ஐ.டி. விசாரணை தொடங்கியதும் மற்ற கல்லூரிகளுக்கும் அது பரவியது. மாணவர்களோடு பெற்றோரும் கைதானார்கள். அடுத்த ஆண்டு, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த கலந்தாய்வுக்கு ஒரு மாணவி 610 மதிப்பெண் என்ற சான்றிதழோடு வந்தார். அவர் உண்மையில் பெற்றது 27 என்றது போலீஸ். 610 எடுத்தவர் வேறொரு மாணவி.

இந்தச் செய்திகளைப் படித்தபோது பலருக்குக் கோபம் வந்தது, அது நியாயமான கோபம். அந்தப் போலிச் சான்றிதழ் எடுபட்டிருந்தால் எங்கோ ஒரு கிராமத்தில் நேர்மையாகப் படித்த பிள்ளை ஒன்று ஓர் இடத்தை இழந்திருக்கும். எனக்குக் கோபத்தோடு இன்னொன்றும் வந்தது. 27 என்ற எண்ணை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடிந்திருந்தால் அந்தப் பெண் வேறொரு படிப்பில் நிம்மதியாகச் சேர்ந்திருப்பாளே என்ற வருத்தம். பிடிபடாமல் உள்ளே சேர்ந்துவிட்டாலும் நிம்மதி இல்லை. மத்தியப் பிரதேசத்தின் வியாபம் தேர்வு ஊழலில் 2008 முதல் 2012 வரை முறைகேடாகச் சேர்ந்த 600-க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவச் சேர்க்கையை உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் ரத்து செய்தது. அவர்களில் பலர் அதற்குள் படிப்பையே முடித்திருந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் பொய் வந்து பிடித்துக்கொள்கிறது.

மறைத்தாலும் மறையாது என்பதற்கு ஏரலுக்கு வேறு சாட்சி வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறி ஏரலுக்குள் புகுந்தது, பாலத்துச் சாலை அறுந்தது, ஊர் தீவாகிப் போனது. பீரோவுக்குள் இருந்த மார்க் ஷீட்டும் டி.சி.யும் சேற்றோடு போயின. அப்படிச் சான்றிதழ்களை இழந்த பிள்ளைகளுக்கு அரசு மறுபடியும் வழங்க ஏற்பாடு செய்தது. அதை எப்படிச் செய்ய முடிந்தது? காகிதம்தான் ஆற்றோடு போயிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் எந்த மாதம் எந்தப் பரீட்சையில் என்ன வாங்கியது என்ற பதிவு தேர்வுத் துறையில் அப்படியே இருந்தது. தவறிய பரீட்சையின் பதிவும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே விண்ணப்பத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரிச் சேர்க்கையின்போது படிப்பில் விட்டுப்போன காலத்துக்கு விளக்கம் கேட்பதுண்டு, பிரேக் ஆஃப் ஸ்டடி என்று சொல்வார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஏதோ ஒரு கோர்ஸ் படித்ததாகச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். வேண்டாம். "நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், முதல் முறை மதிப்பெண் போதவில்லை" என்று எழுதினால் அது முழு உண்மை, அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. பொய்ச் சான்றிதழ்தான் குற்றம். விண்ணப்பத்தின் கடைசியில் எல்லா விவரமும் உண்மை என்று பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்துப் போடுகிறார்களே, அந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் எடை உண்டு.

வெளிநாட்டில் இதை இன்னும் நேராகவே கேட்கிறார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் கல்லூரியில் படித்த ஒவ்வொரு பாடத்தையும் எழுத வேண்டும். தவறியது, பாதியில் விட்டது, திரும்ப எழுதியது எதையும் விடக் கூடாது. திரும்ப எழுதித் தேறினாலும் பழைய மதிப்பெண் சராசரிக் கணக்கில் சேரும். பிரிட்டனில் யூகாஸ் வழியாக விண்ணப்பிப்பவர்களும் தேறாத பரீட்சைகளைக்கூடக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் மருத்துவம் பார்க்க எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வில் எல்லா முயற்சிகளும் சான்றிதழில் வரிசையாக வந்துவிடும். தவறியதற்காக மட்டும் அங்கே கதவை மூடுவதில்லை. தவறிய பிறகு இந்தப் பிள்ளை என்ன செய்தது என்று பார்க்கிறார்கள். அப்படி எழுத நேர்ந்தால் சாக்குப்போக்கு நீளமாக வேண்டாம். என்ன தவறியது, ஏன், அதன் பிறகு எதை மாற்றிக்கொண்டேன், அதற்குப் பலன் என்ன என்று நாலு வரியில் எழுதினால் போதும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது உண்மையானால் எழுதலாம், உண்மையில்லாவிட்டால் அப்பாவை இதில் இழுக்கக் கூடாது.

நம் நாட்டில் மருத்துவ இடம் கொடுக்கும்போது பிள்ளையை எதிரே உட்காரவைத்து இப்படி யாரும் கேட்பதில்லை. வேலூர் சி.எம்.சி. ஒரு காலத்தில் கேட்டது. தனி நுழைவுத் தேர்வு வைத்து, அதில் தேறியவர்களை வேலூருக்கு வரவழைத்து நேர்காணல் நடத்தி, மதிப்பெண்ணோடு ஆளையும் பார்த்துத்தான் எம்.பி.பி.எஸ். இடம் கொடுத்தார்கள். நீட் கட்டாயமான பிறகு 2017-ல் ஏறக்குறைய சேர்க்கையையே நிறுத்தி, ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்தது அந்தக் கல்லூரி. இன்று எங்கும் ஒரே அளவுகோல், 720-க்கு எத்தனை என்பதுதான். தரவரிசையில் நேர்மைக்கு மதிப்பெண் கிடையாது. அதனால் வீட்டில் கற்றுக்கொடுத்தால்தான் உண்டு.

ஏன் மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைக்கு இதைக் கூடுதலாகச் சொல்கிறேன்? உள்ளே போனதும் அங்கேயும் பலர் தவறத்தான் போகிறார்கள். பிளஸ் டூ வரைக்கும் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை அனாட்டமியில் பெயிலாகும். அதனால் பின்தங்கி 'பிரேக்' ஆகிவிட்டால் கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள், ஜூனியர்களோடு உட்கார வேண்டும். முதலாம் ஆண்டுத் தேர்வைத் தேற நான்கு முயற்சிகள், மொத்தப் படிப்பையும் முடிக்க ஒன்பது ஆண்டுகள் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறை சொல்கிறது. மேற்படிப்புக்கோ வெளிநாட்டுப் பதிவுக்கோ போகும்போது பல இடங்களில் அட்டெம்ப்ட் சர்டிபிகேட் கேட்பார்கள். ஒவ்வொரு பாடத்தையும் எத்தனாவது முறையில் தேறினார் என்று கல்லூரியே எழுதிக் கொடுப்பது அது. நீட்டை இரண்டாம் முறை எழுதியதையே வெளியே சொல்ல விடாமல் வளர்த்த பிள்ளை, ஹாஸ்டல் அறையில் தனியாக இருந்துகொண்டு பெயிலான செய்தியை ஊருக்குப் போன் செய்து எப்படிச் சொல்லும்? சொல்ல முடியாத பிள்ளைகள் எடுத்த முடிவுகளை நாம் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். பிள்ளையின் பேச்சு சுருங்கினால், சாப்பாடு குறைந்தால், 104 என்ற அரசு எண்ணிலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். தயங்காமல் பேசுங்கள்.

டாக்டரான பிறகு இது இன்னும் பெரிய விஷயம். பிரசவத்தில் ஒரு தாய் இறந்துபோனால் தமிழ்நாட்டில் அது 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்கப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆய்வு நடக்கும். ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, ரத்தம் இருந்ததா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தாமதம் ஆனதா, யார் எதைக் கவனிக்கத் தவறினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அங்கே நர்ஸும் டாக்டரும் எழுந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த தாயைக் காப்பாற்ற வழி தெரியும். 2018-20 கணக்கின்படி உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. தமிழ்நாட்டின் எண் குறைவாக இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு, இந்த ஆய்வு முறையும் அதில் ஒன்று. "எனக்குக் கணிப்பு தப்பிவிட்டது" என்று எழுந்து சொல்கிற டாக்டர் நமக்கு வேண்டுமென்றால், "போன தடவை எனக்கு மார்க் வரவில்லை" என்று பஜாரில் சொல்லத் தெரிந்த பிள்ளையாக அவர் வளர்ந்திருக்க வேண்டும்.

ஊரின் சேர்மனாக இருந்து, 1908 ஆடி அமாவாசையன்று இளவயதில் மறைந்த அருணாசலத்தை அவருடைய நேர்மைக்காகச் சுவாமியாகவே கும்பிடுகிற ஊர் ஏரல். ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணிக் கரையில் கூட்டம் கொள்ளாது. உண்மையைச் சொல்கிறவரை மதிக்க இந்த ஊருக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் முயற்சிக் கணக்கைப் பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் மாற்றிச் சொல்லாதீர்கள். பள்ளிகளிடமும் கோச்சிங் சென்டர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிளெக்ஸ் போர்டில் படமும் மார்க்கும் போடுகிறீர்கள், எத்தனாவது முயற்சி என்பதையும் மாணவரின் சம்மதத்தோடு போடுங்கள். அடுத்த வருடம் உங்களிடம் படிக்க வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு வரிதான் அதிகம் உதவும். அரசிடம் கேட்க வேண்டியது இன்னும் முக்கியம். 2021-ல் ராஜன் குழு கேட்டதால்தான் 71.42 என்ற எண் நமக்குத் தெரியவந்தது. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஒவ்வொரு ஆண்டும் தரவரிசைப் பட்டியலோடு, இடம் கிடைத்தவர்களில் முதல் முறை எழுதியவர்கள் எத்தனை பேர், மறுமுறை எழுதியவர்கள் எத்தனை பேர், அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அந்தக் கணக்கு என்ன என்பதையும் வெளியிட வேண்டும். பெயர் எதுவும் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். இந்த ஆண்டுப் பட்டியலிலேயே அதைத் தொடங்கலாம்.