கோவையா, திருப்பூரா... எங்கே குடியேறலாம்? நடுவில் இருக்கும் கருமத்தம்பட்டியின் கணக்கு!

காலை 8 மணிக்கு கருமத்தம்பட்டி ஹைவேயில் நின்று பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு திசையில் பிரிந்து போவார்கள். மேற்கே கோவை போகும் பஸ்ஸில் ஐ.டி. ஊழியர்கள், காலேஜ் மாணவர்கள். கிழக்கே திருப்பூர் பக்கம் போகும் பஸ்ஸில், பைக்கில் பனியன் கம்பெனிக்காரர்கள். இரண்டு நகரமும் ஏறக்குறைய 25 கி.மீ. தூரம்தான்.

அதனால் வேலை கிடைத்ததும், கல்யாணம் முடிந்ததும் இங்கே வரும் கேள்வி இது: வீடு கோவையில் பார்ப்பதா, திருப்பூரில் பார்ப்பதா?

ஒரு புதுமண ஜோடியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவருக்கு சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலை. மனைவி திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர். அவர் கோவைக்குப் போகலாம் என்கிறார். இவர் திருப்பூர் என்கிறார். அம்மாவோ, "எதுக்கு சாமி வாடகை குடுக்கோணும்? இங்கிருந்தே போய்ட்டு வாங்க" என்கிறார். மூவரில் யார் சொல்வது சரி?

வேலை எங்கே சுலபம்?

டிகிரி இல்லாதவர்களுக்கு திருப்பூர்தான். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என ஒரு டி-ஷர்ட் பல கைகள் மாறித்தான் பெட்டிக்குள் போகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் தேவை. ஹெல்பராகச் சேர்ந்து, டெய்லராகி, சூப்பர்வைசராகி, பிறகு நாலு மெஷின் போட்டு சொந்தமாக ஜாப் ஒர்க் எடுத்தவர்கள் அங்கே நிறைய பேர். சனிக்கிழமை ஆனால் கையில் கூலி.

கோவையில் சர்டிபிகேட்டுக்கு மதிப்பு அதிகம். 2010-ல் வந்த டைடல் பார்க், சரவணம்பட்டி சுற்றுவட்டார ஐ.டி. நிறுவனங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள் எல்லாமே படிப்பைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கும்.

வேலை போனால் என்ன ஆகும்?

பலர் யோசிக்காமல் விடும் கேள்வி இது. திருப்பூர் பெரும்பாலும் ஒரே தொழிலை நம்பி நிற்கிறது. 2011 ஜனவரியில், நொய்யல் மாசுபாடு வழக்கில் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் நின்றதும் அதற்கு முன்னும் பின்னும் இருந்த வேலைகளும் தடுமாறின. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஆர்டர்கள் நிற்கத் தொடங்கின. ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஓவர்டைம். அடுத்து அதை நம்பி இருக்கும் மெஸ், டீக்கடை, லைன் வீட்டு வாடகை.

கோவையில் பம்ப், மோட்டார், ஃபவுண்டரி, நூற்பாலை, மருத்துவம், கல்வி, ஐ.டி. எனப் பல தொழில்கள். ஒன்று படுத்தாலும் ஊர் மொத்தமாகப் படுக்காது. அதற்காக வேலை இழந்த சாஃப்ட்வேர் இன்ஜினீயரை பம்ப் கம்பெனி உடனே எடுத்துக்கொள்ளாது. ஆனால் வீட்டில் இன்னொருவருக்கு வேறு துறையில் வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தண்ணீர், ஆஸ்பத்திரி

கோவைக்கு சிறுவாணி, பில்லூர் தண்ணீர் வருகிறது. திருப்பூரின் நடுவே நொய்யல் ஓடினாலும், குடிக்கவும் தொழிலுக்கும் பவானி ஆற்றுத் தண்ணீரைத்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சாய ஆலைகள் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது இப்போது கட்டாயம்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி 1966-லேயே வந்துவிட்டது. 2009-ல்தான் தனி மாவட்டமான திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் இந்த வித்தியாசம் முக்கியம்.

போக்குவரத்து எப்படி?

கருமத்தம்பட்டியிலிருந்து கோவைக்கு நீலம்பூர் வரை ஆறு வழிச்சாலை. 2025 அக்டோபரில் கோல்டுவின்ஸ் - உப்பிலிபாளையம் இடையே 10.1 கி.மீ. ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறந்த பிறகு, சிட்டிக்குள் போவதும் எளிதாகிவிட்டது. ஆனால் காரில் போனால் கணியூர் டோல்கேட்டில் பணம் கட்டணும். மெட்ரோ வரும் என்று நம்பி வீடு வாங்க வேண்டாம். மக்கள்தொகை போதாது என்று சொல்லி 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது.

திருப்பூருக்கு அவிநாசி வழியாகவும் போகலாம், சோமனூர், மங்கலம் வழியாகவும் போகலாம். டோல் கிடையாது. சோமனூரில் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா எக்ஸ்பிரஸும் அங்கே நிற்காது.

அப்போ எது செட் ஆகும்?

ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பம் என்றால் பதில் சுலபம்: வேலை எங்கேயோ, வீடும் அங்கே. இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் கணக்கு மாறுகிறது. நம் ஜோடி சரவணம்பட்டிக்குக் குடிபோனால், மனைவி தினமும் போக வர 100 கி.மீ. அலைய வேண்டியிருக்கும். ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். வாடகையைப் பேசும்போது இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கருமத்தம்பட்டியில் இருந்தால் இரண்டு சம்பளமும் இருக்கும், அதுவும் இரண்டு வெவ்வேறு தொழிலிலிருந்து. அமெரிக்க வரியால் ஏற்றுமதி படுத்தால் ஐ.டி. சம்பளம் கைகொடுக்கும், ஐ.டி.யில் ஆட்குறைப்பு வந்தால் பனியன் சம்பளம் இருக்கும். விசைத்தறிக் கூலிக்காக 2025-லும் வேலைநிறுத்தம் செய்த இந்தப் பகுதிக்கு, ஒரே வருமானத்தை நம்பும் கஷ்டம் புதிதல்ல. அந்த வகையில் அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இதற்கான விலையை நேரத்தில் கொடுக்க வேண்டும். ஷிப்மென்ட் நாட்களில் மெர்ச்சண்டைசர் வீடு திரும்ப இரவாகிவிடும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம், இரவு 9 மணிக்கு மேல் அலுவலகத்திலிருந்து பஸ்ஸிலேயே வீடு வந்து பாருங்கள், இருவருமே. யாருக்குத் திரும்பி வருவது கஷ்டமாக இருக்கிறதோ, அவருடைய ஆபீஸ் பக்கம் வீட்டைத் தேடுங்கள். இருவருக்கும் சமாளிக்க முடிகிறதா? அப்போ நடுவிலேயே இருந்துவிடலாம்.