கையில் பிடிக்கும் விளையாட்டுக் கணிப்பொறி: வாங்கலாமா?

அண்மைக் காலமாக நம் வீட்டுப் பிள்ளைகளின் பேச்சில் ஒரு புதிய பொருளின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. ‘ஹேண்ட்ஹெல்ட் கேமிங் பி.சி.’ என்கிறார்கள். கையில் பிடித்து விளையாடும் கணிப்பொறி என்று தமிழில் சொல்லலாம். விலையைக் கேட்டதும் பெற்றோருக்குத் தலை சுற்றுகிறது. பிள்ளைகளோ, ‘இது விளையாட்டுச் சாமான் இல்லை, முழுக் கம்ப்யூட்டர்’ என்று வாதாடுகிறார்கள்.

சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, விவேக் நகரில் கணிப்பொறி பொருத்திக் கொடுப்பதும் பழுது பார்ப்பதுமாகக் காலம் தள்ளுபவன் நான். எஸ்.பி. ரோட்டில் உதிரிப் பாகம் வாங்கிக்கொண்டு திரும்பினால், தெருவில் யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. ஆகவே, எனக்குத் தெரிந்ததை நம் சங்கத்துக் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அது என்ன பொருள்?

நடுவில் 7 அங்குலத் திரை, இரு பக்கமும் கைப்பிடி, கைப்பிடியில் பொத்தான்களும் கட்டைவிரலால் அசைக்கும் குமிழ்களும். பார்ப்பதற்குப் பழைய வீடியோ கேமின் பெரிய அண்ணன் போல இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது மடிக்கணினியில் இருக்கும் அதே சங்கதிதான். செல்போனில் ஓடுபவை செல்போனுக்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுகள். இதில் மேசைக் கணிப்பொறிக்கு எழுதப்பட்ட விளையாட்டுகளே ஓடும். பிள்ளைகளின் உற்சாகத்துக்கு முதல் காரணம் இதுவே.

2016இல் சீனாவின் ஜி.பி.டி. நிறுவனம் இந்த வகையில் ஒன்றை வெளியிட்டது. பெரிய அளவில் பேசவைத்தது, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் கொண்டுவந்த ‘ஸ்டீம் டெக்’. அது அப்போது இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் சொல்லி வாங்கியவர்கள்தான் உண்டு. அடுத்த ஆண்டு, 2023 ஜூலையில், அசுஸ் நிறுவனத்தின் ‘ராக் அலை’ ரூ.69,990 விலையில் இந்தியக் கடைகளுக்கே வந்தது. அதன் பிறகு வேறு சில நிறுவனங்களும் இறங்கிவிட்டன.

நம் ஊர் வீடுகளை நினைத்துப் பார்த்தால் பிள்ளைகளின் ஆசையும் புரியும். இரண்டு அறை வாடகை வீடு. இருப்பது ஒரு டி.வி. அதில் பாட்டி தொடர் பார்த்துக்கொண்டிருப்பார். மேசைக் கணிப்பொறி வைக்க இடம் எங்கே? மூலையில் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் விளையாட இது தோதான பொருள்தான்.

பெங்களூர் முன்பே கண்ட உற்சாகம்

கைக்குள் அடங்கும் கணிப்பொறி என்ற கனவு இந்த ஊருக்குப் புதிதல்ல. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் 1998இல் இங்கே ஒரு திட்டம் தீட்டினார்கள். அதுதான் ‘சிம்ப்யூட்டர்’. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து மக்களும் பயன்படுத்த வேண்டும், இந்திய மொழிகளில் அது பேச வேண்டும், ஒரே கருவியைப் பலர் ஆளுக்கொரு அட்டையைச் செருகிப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 2001இல் அதை உலகத்துக்குக் காட்டியபோது வெளிநாட்டுப் பத்திரிகைகளெல்லாம் புகழ்ந்து எழுதின.

2004 ஏப்ரலில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாக ‘அமிதா சிம்ப்யூட்டர்’ விற்பனைக்கு வந்தது. விலை ரூ.9,950 முதல் ரூ.19,950 வரை. கருவியைச் சாய்த்தால் பக்கம் புரளும், அசைத்தே விளையாடலாம். ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இவ்வளவும் நம் ஊரில் நடந்தது! ஆனாலும் விற்றது சில ஆயிரம்தான். அந்த விலைக்குச் சற்றுக் கூடப் போட்டால் மேசைக் கணிப்பொறியே கிடைக்கும் காலம் வந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் செல்போன் மலிவாகிக்கொண்டே போனது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட சிம்ப்யூட்டர் மறைந்துபோனது.

அறிவிலோ உழைப்பிலோ அவர்கள் குறை வைக்கவில்லை. ‘இது இல்லாவிட்டால் என் அன்றாட வேலை எது நின்றுபோகும்?’ என்ற வாங்குபவரின் கேள்விக்குத்தான் தெளிவான பதில் கிடைக்கவில்லை. புதிய கருவி எது வந்தாலும் நான் கேட்கும் கேள்வியும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

முதலில் மின்கலம். இதன் கொள்ளளவை ‘வாட் மணி’ என்று குறிப்பார்கள். 40 வாட் மணி என்றால், 40 வாட் இழுக்கும் கருவியை ஒரு மணி நேரம் ஓட்டலாம் என்று பொருள். முதலில் வந்த ஸ்டீம் டெக், ராக் அலை இரண்டிலும் இருந்தது இதே 40 வாட் மணிதான். எளிய விளையாட்டு என்றால் கருவி மொத்தமாக 10 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரம் வரும். படங்கள் நுணுக்கமாக வரும் கனமான விளையாட்டு 20 வாட், 25 வாட் என்று இழுத்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாண்டாது. 2024இல் வந்த ‘ராக் அலை எக்ஸ்’ மாதிரியில் இதை 80 வாட் மணியாக இரட்டிப்பாக்கினார்கள். நேரம் கூடியது, எடையும் 608 கிராமிலிருந்து 678 கிராமாகக் கூடியது. முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பொருளை ஒரு மணி நேரம் இரு கையாலும் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அடுத்து திரை. ஸ்டீம் டெக்கின் திரையில் 1280க்கு 800, அதாவது சுமார் 10 லட்சம் புள்ளிகள். ராக் அலையில் 1920க்கு 1080, சுமார் 20 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 60 படம் என்றால், ஒவ்வொரு விநாடியும் இத்தனை புள்ளிகளையும் 60 முறை வரைந்தாக வேண்டும். புள்ளி இரட்டித்தால் வேலையும் ஏறத்தாழ இரட்டிக்கும், மின்சாரம் கூடும், சூடும் கூடும். கடைக்காரர் ‘புள்ளி அதிகம்’ என்று சொல்வதை முழு லாபமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 7 அங்குலத் திரையில் அந்த வித்தியாசம் டி.வி.யில் தெரிவது போலத் தெரியாது.

இந்தப் பாடம் பழையது. 1989இல் ஜப்பானின் நின்டெண்டோ ‘கேம் பாய்’ என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. கறுப்பு வெள்ளைத் திரைதான். நான்கு பென்டார்ச் பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் ‘கேம் கியர்’ என்று வண்ணத் திரையோடு போட்டிக்கு வந்தது. ஆறு பேட்டரி போட்டாலும் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எது வென்றது தெரியுமா? கேம் பாயும் அதன் வண்ணத் தம்பியும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

பழுது பார்ப்பவன் பார்வையில்

சின்னப் பெட்டிக்குள் பெரிய வேலை நடப்பதால் சூட்டை வெளியேற்ற உள்ளே மின்விசிறி உண்டு. மெத்தையிலோ தலையணையிலோ வைத்து விளையாடினால் காற்று வழி அடைபடும், பஞ்சுத் தூசி உள்ளே போகும். 2023இல் ராக் அலையில் சூடு மிகும்போது நினைவக அட்டை செருகும் பகுதி சரியாக இயங்காமல் போகலாம் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அடுத்தது கட்டைவிரல் குமிழ். பல கருவிகளில் குமிழின் அடியில் கரிப்பூச்சு மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். நாளாக ஆக அது தேயும். கை வைக்காதபோதே திரையில் ஆள் தானாக நடக்கத் தொடங்கிவிட்டால், குமிழ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். காந்தத்தால் இயங்கும் குமிழ்களில் உரசல் இல்லை, அதனால் நீண்ட நாள் வரும். வாங்கும் முன் எந்த வகைக் குமிழ் என்று கேளுங்கள். மேசைக் கணிப்பொறியில் ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றிவிடுவேன். இதிலோ முக்கியப் பாகங்கள் எல்லாம் ஒரே பலகையில் இருக்கின்றன. பலகை போனால் செலவு பெரிது.

ஒரு வீட்டுக் கதை

எங்கள் தெருவில் தர்மபுரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பையன் பி.யு.சி. முடித்துப் பொறியியல் சேர்ந்தான். அந்த அம்மா சீட்டு எடுத்த பணம் 70,000 ரூபாய் வைத்திருந்தார். அந்தத் தொகைக்கு ஒரே ஒரு கணிப்பொறிதான் வாங்க முடியும்.

“அண்ணா, இவன் காட்டுறது கம்ப்யூட்டரா, விளையாட்டுச் சாமானா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்” என்றார்.

“ரெண்டும்தாம்மா. அதுதான் சிக்கலே” என்றேன்.

பையன் சொன்னதில் நியாயம் இருந்தது. “மாமா, மானிட்டர், கீபோர்டு, மௌஸ் மாட்டினா இதுலயே புரோகிராம் எழுதலாம். தமிழ்லகூட டைப் பண்ணலாம்.” உண்மைதான். விண்டோஸ் உள்ள கருவி என்றால் எல்லாம் நடக்கும். ஆனால் மானிட்டருக்கும் மற்றதற்கும் இன்னும் பத்துப் பன்னிரண்டாயிரம் வேண்டும். வகுப்பறைக்கு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

“சரி தம்பி, நீ விளையாட நினைக்கிற ஆட்டங்களை ஒரு தாளில் எழுதிக் கொடு” என்றேன். முதல் பெயர் ‘வேலரண்ட்’. கணிப்பொறியில் அதை கீபோர்டும் மௌஸும் வைத்துத்தான் ஆட முடியும், இந்தக் கைப்பிடிப் பொத்தான்களுக்கு அதில் இடமில்லை. லினக்ஸ் வகையில் இயங்கும் ஸ்டீம் டெக்கிலோ, ஏமாற்று வேலையைத் தடுக்கும் அதன் காவல் நிரல் காரணமாக அது ஓடவே ஓடாது. மீதி ஆட்டங்களில் பாதி சாதாரண மடிக்கணினியிலேயே ஓடக்கூடியவை. பையன் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் மடிக்கணினிதான் வாங்கினார்கள். நான் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை, அவன் எழுதிய பட்டியல்தான் சொன்னது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு தம்பி இங்கே விடுதி அறையில் தங்கி இரவு வேலைக்குப் போகிறார். அலுவலக மடிக்கணினியில் விளையாட்டு ஏற்றக் கூடாது. சொந்தச் சம்பாத்தியம், வேறு கடன் இல்லை. ஊருக்குப் போகும் ரயிலிலும் விடுமுறை நாளிலும் கதை சொல்லும் விளையாட்டுகளை ஆடுகிறார். அவருக்கு அது பொருத்தமான பொருள் என்றே சொல்வேன். ஆக, கருவி நல்லதா கெட்டதா என்பதைவிட, யார் கையில், எதற்காக என்பதே முக்கியம்.

நம் கதை சொல்லும் ஓர் ஆட்டம்

விளையாட்டு என்றாலே சுடுவதும் வெட்டுவதும் என்று எண்ண வேண்டாம். 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்று ஓர் ஆட்டம் வந்தது. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் உருவாக்கியது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை. அம்மா தந்த சமையல் குறிப்பு நோட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். மகனுக்கோ தமிழ் மெல்ல மெல்ல விலகிப் போகிறது. பிறந்த மண்ணை விட்டு வந்த எந்தக் குடும்பத்துக்கும் இது நெஞ்சைத் தொடும். 2024இல் இதற்கு அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது.

இதை நான் இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்ன ஆட்டம் இது. இதற்கு எழுபதாயிரம் ரூபாய்க் கருவி தேவையில்லை, வீட்டில் இருக்கும் சாதாரண மடிக்கணினியே போதும். பிள்ளையோடு அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

கருவி விலையோடு செலவு நிற்காது. விளையாட்டுகளையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் காலத்து கேசட் போல அதை நண்பனுக்குக் கொடுக்கவோ பழைய கடையில் விற்கவோ முடியாது. நாம் வாங்குவது விளையாடும் உரிமம் மட்டுமே என்று ஸ்டீம் கடை 2024 முதல் வாங்கும் இடத்திலேயே அறிவிக்கிறது.

எங்கும் எடுத்துப் போகலாம் என்பது வசதி. போர்வைக்குள்ளும் எடுத்துப் போகலாம் என்பது கவலை. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கெடுதல் தெரிந்தும் நிறுத்தாமை ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டு நீடித்தால் அதை ஒரு நோயாகவே உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் 2022 முதல் கணக்கில் கொள்கிறது. கொஞ்சம் அதிகம் விளையாடும் பிள்ளையெல்லாம் நோயாளி அல்ல. ஆனால் படிப்பும் தூக்கமும் கெட்டு, பேச்சுக்குப் பேச்சு சண்டை என்றால் தயங்க வேண்டாம். நம் ஊர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014இல் தனிப் பிரிவு தொடங்கினார்கள். அடித்துப் பிடுங்குவதைவிட அங்கே போய்க் கேட்பது நல்லது.

ஆகவே, ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழியை மனதில் வையுங்கள். கடைக்குப் போகும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். என்னென்ன ஆட்டங்கள்? அவை இந்தக் கருவியில், இந்தப் பொத்தான்களில் ஓடுமா? படிப்புக்கு வேறு கணிப்பொறி இருக்கிறதா? பழுதானால் இந்த ஊரில் பில்லோடு போய் நிற்க ஓர் இடம் உண்டா? நான்குக்கும் நல்ல விடை கிடைத்தால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஒன்றுக்கு இல்லையென்றாலும் ஓராண்டு பொறுங்கள். இந்த வகைக் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே வருகின்றன. காத்திருப்பவருக்கு இதில் நட்டமில்லை.