இணையதளத்துக்கு ஒரு தனி ஜன்னல்!

பிள்ளைகளே, கடுக்காயைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். கணினியில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறக்கிறீர்கள். பக்கத்துத் தாவலில் கிரிக்கெட் ஸ்கோர். அதற்கடுத்து அண்ணன் திறந்து வைத்த சினிமாப் பாட்டு. எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். கடுக்காய் அப்படியே கிடக்கும்!

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. அடிக்கடி பார்க்கும் இணையதளத்தை, கால்குலேட்டர், பெயின்ட் போல ஒரு தனி மென்பொருளாகவே வைத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம். புரோகிராம் எழுதவும் தெரிய வேண்டாம்.

குரோம் பிரவுசரில் அந்தத் தளத்தைத் திறங்கள். வலது பக்க மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அழுத்தி, 'காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்' என்பதற்குள் போனால், 'இன்ஸ்டால் பேஜ் ஆஸ் ஆப்' என்று இருக்கும். எட்ஜ் பிரவுசரில் 'ஆப்ஸ்' என்ற இடத்தில் தேடுங்கள். பழைய பதிப்புகளில் இந்தப் பெயர்கள் கொஞ்சம் மாறியிருக்கும், பொறுமையாகப் பாருங்கள். முடிந்ததும் கணினியில் அந்தத் தளத்துக்கென்று ஒரு சின்னம் வந்துவிடும். அதைச் சொடுக்கினால் தளம் மட்டும் தனி ஜன்னலில் திறக்கும். தாவல்கள் இல்லை, முகவரிப் பட்டையும் இல்லை.

உள்ளே ஓடுவது அதே பிரவுசர்தான், வேடம் மட்டும் வேறு! இது புது யோசனையும் அல்ல. மொஸில்லா நிறுவனம் 2007-லேயே 'பிரிஸம்' என்ற பெயரில் இதைச் செய்து பார்த்தது. 2008-ல் வந்த முதல் குரோமிலும் இந்த வசதி இருந்தது.

முகவரிப் பட்டை மறைந்துவிடுவதால், சரியான தளம்தானா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பலர் பயன்படுத்தும் கணினியில், கடவுச்சொல் கேட்கும் தளங்களை இப்படி வைக்கவே கூடாது. அடுத்து வருபவர் சின்னத்தைச் சொடுக்கியதும் உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிடலாம்.

இப்போது ஒரு கேள்வி. கள்ளக்குறிச்சியில் இப்படிச் செய்த மடிக்கணினியை எடுத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறுகிறோம். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைப் பக்கம் போயாகிவிட்டது. குறுக்கே மலை நின்றால் டவரின் அலைகள் சரியாக எட்டாது. சிக்னல் இல்லை. சின்னத்தைச் சொடுக்கினால் என்ன ஆகும்?

ஜன்னல் திறக்கும், கட்டுரை வராது! நாம் வைத்தது ஜன்னலைத்தான். கட்டுரைகளெல்லாம் எங்கோ தூரத்துக் கணினிகளில் இருக்கின்றன. சில தளங்கள் தேவையான பகுதிகளை முன்பே நம் கணினியில் சேமித்து வைத்து, இணையம் இல்லாதபோதும் ஓரளவு வேலை செய்யும். எல்லாத் தளங்களும் அப்படி அல்ல.

மலையில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொருத்தமானது 'கிவிக்ஸ்' என்ற இலவச மென்பொருள்தான் என்பேன். 2007-ல் தொடங்கிய இது, முழு விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாகத் தருகிறது. 2003-ல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அத்தனையும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும்! நல்ல இணைய வசதி உள்ள ஊரில் ஒருமுறை பதிவிறக்கி எடுத்துப் போனால் போதும். ஒரு பென் டிரைவிலிருந்து எத்தனை கணினிகளுக்கு வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். உங்கள் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு குறை உண்டு. நகல் எடுத்த நாளோடு செய்தி நின்றுவிடும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ல். அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த நகலைத் திறந்தால், கல்வராயன் மலை விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கும்! அதனால் நகல் எடுத்த தேதியை ஒரு சீட்டில் எழுதி, பென் டிரைவின் மேல் ஒட்டி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது புது நகல் எடுத்து வாருங்கள்.