யார் ரவுடி? பதிவேடு எழுதும் கதையும் திரை காட்டும் கதையும்

2021இல் வெளியான 'ஜெய் பீம்' திரைப்படம் ஒரு சிறைவாசலில் தொடங்குகிறது. விடுதலையாகி வெளியே வருவோரிடம் சாதி கேட்கப்படுகிறது. செல்வாக்குள்ள சாதியின் பெயரைச் சொல்பவர் வீட்டுக்குப் போகலாம். ஒடுக்கப்பட்ட சமூகத்தின் பெயரைச் சொல்பவர் ஓரமாக நிறுத்தப்படுகிறார். முடிக்கப்படாத வழக்குகளில் கணக்குக் காட்ட அவர் தேவைப்படுகிறார். அங்கே குற்றம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. குற்றவாளிதான் பிறகு தேர்ந்தெடுக்கப்படுகிறார். 'ரவுடி' என்னும் சொல் நம் சமூகத்தில் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள இக்காட்சியிலிருந்து தொடங்கலாம்.

ரவுடிகளே இல்லை என்று நாம் வாதிடவில்லை. கூலிப்படையும் கட்டப் பஞ்சாயத்தும் மாமூல் வசூலும் உண்மை. அவற்றால் முதலில் அல்லலுறுவோரும் உழைக்கும் மக்களே. ஆனால் வன்முறையில் ஈடுபடும் அனைவருக்கும் அந்தப் பெயர் கிடைப்பதில்லை. ஊர்த் தெருவில் அரிவாள் எடுத்தவன் 'வீரன்' ஆவதும், சேரியில் பிறந்தவன் எதுவும் செய்யாமலே 'ரவுடி' ஆவதும் எப்படி என்பதே நம் கேள்வி.

பிறப்பே குற்றமான காலம்

1871ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. குற்றம் புரிந்தவரைத் தண்டிப்பது வழக்கமான சட்டம். இச்சட்டமோ முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக அறிவித்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர், வலையர் எனப் பல சமூகத்தினர் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவலர் முன் ஆஜராக வேண்டும், அனுமதிச் சீட்டின்றி வேற்றூர் செல்லக்கூடாது என்ற நிலை உருவானது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் மீது காவல்துறை சுட்டதில், மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர்.

1952 ஆகஸ்ட் 31 அன்று இச்சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. ஆனால் சென்னை மாகாணத்தில் 1948லேயே, வழக்கமாகக் குற்றம் புரிவோரைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் வந்துவிட்டிருந்தது. சமூகத்தின் பெயர் சட்டத்திலிருந்து நீங்கியது. பட்டியலிடும் பழக்கம் காவல் நிலையத்திலிருந்து நீங்கவில்லை.

சரித்திரப் பதிவேடும் குண்டர் சட்டமும்

இன்று ஒருவரை 'ரவுடி' ஆக்குவது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. காவல் நிலையத்தின் சரித்திரப் பதிவேடு. அதில் பெயர் ஏற, வழக்கு நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஏறிய பின், தேர்தல் வந்தாலும் திருவிழா வந்தாலும் நள்ளிரவில் கதவு தட்டப்படும். பக்கத்து வீட்டார் பார்ப்பர். வேலை கொடுத்தவர் கேள்விப்படுவார்.

இதற்கு மேல் 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டம் உண்டு. மாநகரக் காவல் ஆணையரோ மாவட்ட ஆட்சியரோ பிறப்பிக்கும் ஓர் ஆணையின் பேரில், விசாரணையின்றி 12 மாதங்கள் வரை ஒருவரைச் சிறையில் வைக்கலாம். சாராயம் காய்ச்சுவோர், குண்டர்கள், நில அபகரிப்பாளர் போன்றோருக்கென வந்த சட்டம், 2004இல் திருட்டு வீடியோ தயாரிப்போரையும் உள்ளடக்கியது. உயர் நீதிமன்றம் இத்தகைய ஆணைகள் பலவற்றை ரத்து செய்து வருகிறது. ஆனால் ரத்தாகும் நாளுக்குள் மாதங்கள் பல சிறையில் கழிந்துவிடும்.

இப்பதிவேடுகளில் சாதிச் சார்பு இருக்கிறது என்பது நம் கற்பனை அன்று. 2024 மே 7 அன்று அளித்த தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றமே இக்கவலையை வெளியிட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோரின் பெயர்கள் பாரபட்சத்தின் அடிப்படையில் இயந்திரத்தனமாகச் சேர்க்கப்படுவதைச் சுட்டிக்காட்டி, மாநிலங்கள் தம் நடைமுறைகளை மறுஆய்வு செய்யும்படி அது கூறியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் தண்டனை பெற்றோருள் 21.7 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் அவர்களது பங்கு 16.6 விழுக்காடு மட்டுமே.

நிலமும் முகவரியும்

பெரம்பூரில் இயங்கிய பக்கிங்காம் கர்நாடிக் ஆலை, புளியந்தோப்பு, வியாசர்பாடி மக்களுக்குத் தலைமுறைகளாக வேலை தந்தது. 1996இல் அது மூடப்பட்டது. ஆலை மூடியதால் ரவுடிகள் தோன்றினர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் சங்கமும் வார விடுப்பும் வருங்கால வைப்பு நிதியும் கண்ட தகப்பனின் மகனுக்கு, நாள் கூலியைத் தவிர வேறொன்றும் எஞ்சாதபோது, அரசியல் கட்சிக்காரருக்கும் நில வணிகருக்கும் அவன் மலிவாகக் கிடைக்கிறான். வெட்டுபவனும் வெட்டுப்படுபவனும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இருப்பர். வெட்டச் சொன்னவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது.

ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகரில் குடியேற்றப்பட்டனர். பள்ளியையும் வேலையையும் நகருக்குள் விட்டுவிட்டு வந்த அவர்களுக்கு, முகவரியே குற்றச்சாட்டாயிற்று. அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர்.

திரையில் தாதா

தமிழ்த் திரை தாதாவை வெறுத்ததில்லை. தாதாவின் பிறப்பைத்தான் கவனமாகத் தேர்ந்தெடுத்தது. மும்பையில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவிய 'நாயகன்' (1987), தாராவியைக் களமாகக் கொண்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற ஆதிதிராவிட மக்கள் உழைத்து உருவாக்கிய பகுதி அது. ஆனால் படத்தில் நாயகன் சாதிப் பட்டத்தோடு 'நாயக்கர்' ஆகிறான். அம்மக்கள் அவனைக் கும்பிடும் கூட்டமாகின்றனர். 'தளபதி' (1991) நாயகன் எளியோரிடையே வளர்ந்தவன்; எனினும் அவனைப் பெற்றவள் வசதியான குடும்பத்தவள், அவன் தம்பி மாவட்ட ஆட்சியர். கர்ணன் கதையைப் போலவே, சேரியில் வளர்ந்தவனின் பெருமைக்கும் வேறொரு பிறப்பு தேவைப்பட்டது.

இன்னொரு பக்கம், 'காக்க காக்க' (2003) போன்ற படங்கள் என்கவுன்ட்டர் செய்யும் காவலரை நாயகனாக்கின. அங்கே ரவுடிக்கு வீடில்லை, தாயில்லை, வரலாறு இல்லை, சுடப்படுவதற்கென்றே தோன்றுகிறான்.

பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) இதனை மாற்றியது. ஒரு சுவரில் எந்தக் கட்சியின் ஓவியம் என்பதற்காக இளைஞர்கள் ஏன் சாகிறார்கள் என்று அப்படம் அம்மக்களின் இடத்தில் நின்று கேட்டது. வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018), தம் மக்களை அப்புறப்படுத்தும் திட்டத்தை எதிர்த்த ராஜனை அவன் வளர்த்த ஆட்களே கொல்வதைக் காட்டியது. அதே ஆண்டில் வந்த 'காலா' தாராவிக்கே திரும்பிச் சென்று, நிலம் எங்கள் உரிமை என்று பேசியது. இவற்றில் கத்தியைவிட நிலமும் சுவரும் முக்கியமாயின.

நம் முன் உள்ள பணி

2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் வழக்கறிஞர், அம்பேத்கரையும் பௌத்தத்தையும் வடசென்னை இளைஞர்களிடம் கொண்டு சென்றவர். அவர் உடல் அடக்கமாகும் முன்பே 'ரவுடி' என்ற சொல் சமூக ஊடகங்களில் உலவியது. கொல்லப்பட்டவரின் மீதே பழியைத் திருப்ப அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று.

ஒன்பது நாள்கள் கழித்து, அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். நம்மில் சிலர் அதை நீதி என்று கருதியிருக்கலாம். இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். இறந்தவர் சாட்சியம் சொல்ல இயலாது; கொலைக்குப் பின்னிருந்தவர் யார் என்பதற்கான விடையின் ஒரு பகுதி அவரோடு போய்விடுகிறது. என்கவுன்ட்டர் மரணங்கள் ஒவ்வொன்றும் சுதந்திரமாக விசாரிக்கப்பட வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. அவற்றை நம்மவர் சுடப்படும்போது மட்டுமன்றி, நமக்கு எதிரானவர் சுடப்படும்போதும் நாம் கோர வேண்டும். சுடும் உரிமையை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை அது எந்தத் தெருவுக்கு வரும் என்பதை நாம் அறிவோம்.

சரித்திரப் பதிவேடுகளில் உள்ளோரின் சமூகவாரி எண்ணிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் கேட்கலாம். 2024 மே மாதத் தீர்ப்பின்படி மறுஆய்வு நடந்ததா என்று வினவலாம். சட்டம் பயிலும் மாணவர்கள், காரணமின்றிப் பெயர் ஏற்றப்பட்ட இளைஞர்கள் உயர் நீதிமன்றத்தை அணுக உதவலாம். சிறைவாசலில் ஓரமாக நிறுத்தப்பட்டவரின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவரும் வேலை இது. அதைச் செய்ய நாம்தான் இருக்கிறோம்.