'ஏ.என்.ஏ. பொசிட்டிவ்' என்றால் லூபஸா?

கிருமிகளை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் புரதங்களே பிறபொருளெதிரிகள். லூபஸ் நோயில் இவை சொந்த உடலின் கலங்களையே எதிர்க்கத் தொடங்குகின்றன. நோயாளர் 10 பேரில் 9 பேர் பெண்கள். விஞ்ஞானம் படிப்பிப்பவன் என்பதால் கிண்ணியாவில் சில உம்மாமார் மகளின் இரத்த அறிக்கையை என்னிடம் காட்டுவதுண்டு. "பொசிட்டிவ் எண்டு போட்டிருக்கு சேர். கலியாணமும் பேசி வெச்சிருக்கம், இனி என்ன செய்யிற?" என்பார்கள்.

ஏ.என்.ஏ. என்பது கலத்தின் கருவை எதிர்க்கும் பிறபொருளெதிரியைத் தேடும் சோதனை. லூபஸ் நோயாளர் அநேகமாக எல்லோருக்கும் இது பொசிட்டிவாக வரும். ஆகவே நெகட்டிவ் வந்தால் லூபஸாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பொசிட்டிவ் வந்த எல்லோருக்கும் லூபஸ் இல்லை. 1997 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், எந்த நோயுமில்லாதவர்களிலேயே 1:40 ஐதாக்கலில் 100 க்கு 32 பேருக்கும், 1:160 இல் 5 பேருக்கும் பொசிட்டிவ் வந்தது. எனவே அறிக்கையில் அந்த எண்ணையும் பார்க்க வேண்டும். அதோடு மூட்டு வீக்கம், முகத்தில் சிவந்த தழும்பு, சிறுநீரில் புரதம் போன்ற அடையாளங்களையும் சேர்த்தே டொக்டர் முடிவெடுப்பார்.

அடுத்த படி, இரட்டை இழை டி.என்.ஏ.யையும் 'ஸ்மித்' புரதத்தையும் எதிர்ப்பவற்றைத் தேடுவது. இவை பெரும்பாலும் லூபஸுக்கே உரியவை. ஆனாலும் இவை இல்லாத லூபஸ் நோயாளரும் உண்டு.

நோய் உறுதியான பிறகு ஏ.என்.ஏ.யைத் திரும்பத் திரும்பச் செய்வது வீண் செலவு. டி.என்.ஏ. எதிர்ப்பு ஏறுகிறதா, சி3, சி4 புரதங்கள் இறங்குகின்றனவா என்பதையே கவனிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படப் போவதன் எச்சரிக்கையாக இருக்கலாம்.

கலியாணத்துக்கு லூபஸ் தடையல்ல. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பதே நல்லது. அதற்கு முன் 'ரோ' எதிர்ப்புச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். அது உள்ள தாய்மாரின் குழந்தைகளில் 100 க்கு 2 அளவில் இதயத் துடிப்புத் தடை வரலாம். முன்பே தெரிந்தால் கண்காணிக்கலாம்.

"இப்ப சுகம்தானே" என்று குளிசையைத் தானாக நிறுத்துவதே பெரிய ஆபத்து. சிறுநீரகம் நோவில்லாமலே பழுதாகும். அதனால் சுகமாயிருக்கும் நாளிலும் கிளினிக்குக்குப் போய்ச் சிறுநீரைச் சோதிக்கக் கொடுங்கள்.